பன்னிரண்டாவது படம்

அன்று பதினொரு பேருக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணினியில் பன்னிரண்டு படங்கள் இருந்தன.

பெரிய டாக்டர் மறுபடி எண்ணினார். எண்ணிக்கையில் தடுமாறுகிற ஆள் இல்லை அவர். எழுபது வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருவார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். முழங்கால் ஒன்று, இடுப்பு இரண்டு, மணிக்கட்டு ஒன்று, மீதி ஏழும் மார்பு. பதினொன்று. அதற்கும் கீழே, பிற்பகல் மூன்று மணி நான்கு நிமிடத்தில் எடுத்ததாக இன்னொன்று. பெயர் எழுத வேண்டிய கட்டம் காலி. திறந்து பார்த்தால் ஓரத்திலிருந்து ஓரம்வரை வெறும் சாம்பல் நிறம், புகை மூட்டம் போல.

“மூச்சு!” என்று கூப்பிட்டார்.

கீழே நிலையமும் மாடியில் குடும்பமுமாக இருந்த அந்த வீட்டில் டெக்னீஷியனுக்கு அதுதான் பெயர். வருகிறவர்களை எக்ஸ்ரே தட்டுக்கு முன்னால் நிறுத்தி, மெஷினிலிருந்து விழும் மஞ்சள் வெளிச்சச் சதுரத்தை அவர்கள் மேல் பொருத்தி, அதன் நடுவில் இருக்கும் கூட்டல் குறி நிழலை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, “மூச்ச இழுங்க... அப்படியே பிடிச்சுக்குங்க... அசையாதீங்க... ம், விடுங்க” என்று பத்தொன்பது வருடம் சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஈயக் கவசத்தைக் கழற்றாமலே வந்து நின்றார்.

“பன்னிரண்டாவது யாரு?”

“பதினொண்ணோட முடிஞ்சுது ஐயா. கடைசியா வந்தது அந்த இருமல்காரர்.”

“அப்ப இது?”

மூச்சு குனிந்து பார்த்தார். “காத்துக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கோம் போல. எலும்பு முறிவு இல்லன்னு ரிப்போர்ட் குடுத்துடுங்க ஐயா.”

டாக்டர் சிரிக்கவில்லை. மூச்சு போன பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேஜைக்கு அடியில் கணினியின் விசிறி, மாடிப்படி ஏறி வந்த ஆள் இளைப்பது போல விடாமல் இளைத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரமாக யாரும் அதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

அவர் உட்கார்ந்திருந்தது பழைய இருட்டறை. ஜன்னல் கிடையாது. சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம், கதவின் நாலு ஓரத்திலும் ஒளி புகாமல் அடித்த கம்பளித் துணி. பிலிம் கழுவிய காலம் போய்ப் பதினைந்து வருடம் ஆகியும் அந்த மருந்து நெடி சுவரை விட்டுப் போகவில்லை. மழை நாளில் மட்டும் எழுந்து வந்து தொண்டையில் உட்காரும். பக்கத்து எக்ஸ்ரே அறைக்கும் இதற்கும் நடுச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி ஜன்னல் உண்டு, இரண்டு பக்கமும் ஈயத்தகடு அடித்த கதவுகளோடு. அந்தக் காலத்தில் பிலிம் அதன் வழியாகத்தான் கைமாறும். இப்போது அதன் வழியாக மூச்சு அவருக்கு டீ கொடுப்பார்.

வெளியே கதவுக்கு மேல், உள்ளிருந்து பேசினால் கேட்கும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் கத்தினாலும் சரி, கூரை இடிந்தாலும் சரி. அது தாத்தா போட்ட சட்டம். பல்பு அணையும்வரை பூட்டே திறக்காதபடி செய்தது அப்பா. புது மெஷின் வந்தபோது பல்பையும் பூட்டையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைத்துவிட்டார்கள். பிலிம் போனாலும் சட்டம் போகவில்லை. படம் பார்க்கிறவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதற்கு ஒரு புதுக் காரணம் கிடைத்திருந்தது.

எட்டு வயதில் ஒரே ஒரு முறை பெரிய டாக்டர் அந்தச் சட்டத்தை மீறினார். கதவைத் திறந்ததும் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அப்பாவின் கை பாய்ந்தது. பையன் போய்க் கதவின் இரும்புச் சட்டத்தில் விழுந்தான். கழுத்தடிக் காறை எலும்பு முறிந்தது. மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னார்கள். பெரிய டாக்டரும் பிறகு அப்படியே சொன்னார், கட்டிக்கொண்டு வந்தவளிடம்கூட. ஊர் எலும்பையெல்லாம் பார்த்த வீட்டில் அந்த ஒரு எலும்பை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

அதில் அவருக்கு வருத்தம் இல்லை. வீடு என்றால் அப்படித்தான் என்பது அவர் எண்ணம். வாசல் பலகையில் தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று பெயர்கள். யாருக்கு எந்த விலா உடைந்தது, யார் அடித்து உடைந்தது, எந்த நுரையீரலில் எந்தப் புள்ளி என்று அந்த வாசலைத் தாண்டி ஒரு சொல் போனதில்லை. அந்த வீட்டுக்குள் போன எலும்பு வெளியே பேசாது என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கைதான் பலகை. மற்றது வெறும் மரம்.

மறுநாள் காலை மருமகளைக் கூப்பிட்டார். மகன் மேற்படிப்புக்குத் தூரத்து ஆஸ்பத்திரியில் இருந்தான். வரவேற்பு மேஜையும் கணினிகளும் மருமகளின் பொறுப்பு. வந்து நின்றபடியே நாலு பொத்தானைத் தட்டினாள். திரையில் ஒரு நீளமான பட்டியல் வந்தது.

“இங்க பாருங்க மாமா. இந்த மெஷினுக்குள்ள இப்ப என்னென்ன வேலை ஓடுதுன்னு இதுல தெரியும். இது படம் காட்டுறது. இது நீங்க மைக்ல சொல்றத டைப் பண்றது. இது பிரிண்டர். ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு, யார் செஞ்சாங்கன்னு இருக்கு. இது...”

அவள் விரல் நின்றது. பட்டியலின் நடுவே ஒரு வரி. பெயர் இல்லை. செய்தவர் இல்லை. ஆனால் கணினியின் பலத்தில் பாதிக்கு மேல் அதுதான் தின்றுகொண்டிருந்தது.

அவள் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓட்டத்தை நிறுத்தினாள். வரி மறைந்தது. விசிறி அடங்கியது. அந்த அமைதியில்தான் எவ்வளவு சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் மனத்துக்குள் எண்ணினார். காலி வரி மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. விசிறி இளைக்கத் தொடங்கியது.

“நல்ல ப்ரோகிராம் எதுவும் இப்படிப் பண்ணாது மாமா. போன்னு சொன்னா போயிடும்.” அவள் குரல் இறங்கியிருந்தது. “ஆன்டிவைரஸ் வேற நிறுத்தி வச்சிருக்கு. யாரோ கையால நிறுத்தியிருக்காங்க. மெயில்ல வந்தது எதையாவது திறந்தீங்களா?”

“நான் எதையும் திறக்கல.”

சொல் அவ்வளவு சுத்தமாக வந்தது. மருமகள் தலையாட்டினாள். அவர் பேச்சை அந்த வீட்டில் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஆனால் திறந்திருந்தார். மூன்று நாள் முன்பு.

பரிசு விழுந்திருக்கிறது, வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்று வருகிற கடிதங்களை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதற்கெல்லாம் பேராசைக்காரன்தான் விழுவான் என்பார். இது வேறு மாதிரி வந்தது. ‘உங்கள் குடும்பப் பெயரையும் தந்தையாரின் படத்தையும் போட்டு வேறொருவர் நிலையம் நடத்துகிறார். ஆதாரம் இணைப்பில்.’ அவ்வளவுதான். அவருக்குக் காது சூடேறியது. இணைப்பைத் தட்டினார். ஆன்டிவைரஸ் குறுக்கே வந்து, இதை அனுப்பியவர் யார் என்று தெரியவில்லை, நம்புகிறீர்களா என்று கேட்டது. என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னையே கேள்வி கேட்கிறாயா என்று அதை நிறுத்தினார். இணைப்பு திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு வெள்ளைப் பக்கம். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மூடிவிட்டார்.

இதைப் போய் மருமகளிடம் எப்படிச் சொல்வது? வீட்டுப் பெயரைக் காப்பாற்றப் போய் வீட்டுக் கதவைத் திறந்து விட்டவன் என்று எப்படிச் சொல்வது?

“மாமா, மைக் ஆன்ல இருக்கு” என்றாள் மருமகள்.

ரிப்போர்ட் சொல்லி எழுத வைக்கும் சின்ன ஜன்னல் திரையின் மூலையில் திறந்திருந்தது. அவர் வருடக்கணக்கில் அதில் பேசி வந்ததில், அவர் இருமினால்கூட அது அவர்தான் என்று அதற்குத் தெரியும். அதில் ஒரு வரி எழுதியிருந்தது.

நான் எதையும் திறக்கல.

மருமகள் மைக்கை அணைத்தாள். அணைத்த பிறகு அந்த வரிக்குக் கீழே அதே வரி இன்னொரு முறை விழுந்தது. அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். அவர் மட்டும்தான் பார்த்தார்.

அன்று பகல் ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று மணி நான்கு நிமிடத்துக்குப் பத்தாவது படம் வந்து விழுந்தது. எக்ஸ்ரே அறையில் யாரும் இல்லை. மூச்சு வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தார். இந்த முறை புகை மூட்டத்துக்குள் ஏதோ இருந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சீப்பு போல, வரிசையாக, மங்கலாக. விலா எலும்புகள்.

கணினி என்ஜினியர் தொலைபேசியில் பேசினார். மருமகள் அதை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். இணைய வயரை உடனே பிடுங்கச் சொன்னார். கணினியை அணைத்து வைக்கச் சொன்னார். பாஸ்வேர்டு எதையும் அதில் அடிக்க வேண்டாம், பென்டிரைவ் செருக வேண்டாம், முக்கியமாக எதையும் அழிக்க வேண்டாம்.

“எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி சார். நாளைக்கு லீவு. நாளன்னிக்கு காலைல நானே வந்து பார்க்கிறேன். அதுக்குள்ள யார் என்ன திறந்தாங்கன்னு விசாரிச்சு வைங்க. கோவிச்சுக்காதீங்க. படம் வெளிய போயிருக்கான்னு நான் பார்த்துதான் சொல்ல முடியும்.”

படம் வெளியே போயிருக்கிறதா. மனைவி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் அவர் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுருட்டினாள். யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய நேரம்.

“மூச்சு, நீ பென்டிரைவ்ல பாட்டு கொண்டு வருவியே” என்றார் அவர்.

மூச்சு திரும்பிப் பார்த்தார். “அது என் செல்போன்ல போடறது ஐயா. உங்க மெஷின நான் தொட்டதே இல்ல.”

“தொடாம எப்படி வரும்?”

“தெரியல ஐயா.”

“பத்தொன்பது வருஷம் இந்த வாசல்ல நின்னவன், ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போயிடும்?”

மூச்சு ஈயக் கவசத்தைக் கழற்றினார். அதை மடிக்கக் கூடாது, மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும்; ஆணியில் நீளமாக, ஒரு குழந்தையைத் தோளில் இருந்து இறக்குவது போலத் தொங்கவிட்டார். குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று ஒரு முறை பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“ஐயா ஒரு வார்த்தை. நான் பொய் சொன்னா என் ஒருத்தன் பேருதான் போகும். எனக்குத்தான் அதுவும் இல்லையே” என்றார். மழைக்குள் இறங்கிப் போனார்.

மாடியில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. “அவன் அப்படிப்பட்ட ஆளா?” என்றாள் மனைவி. “யாருக்குத் தெரியும்” என்றார் அவர். அப்படிச் சொல்லும்போது இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே அந்தப் பழைய இடம் வலித்தது. மழை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடுமுறை. கீழே நிலையம் பூட்டியிருந்தது. பகல் சாப்பாடு முடிந்து மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்; மருமகள் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மழை பிடித்த பிடியை விடவில்லை. டாக்டர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். நாளைக் காலை என்ஜினியர் வருவார். கணினியைத் திறப்பார். கடிதம் அங்கே இருக்கும், நாள், நேரம், எல்லாவற்றோடும். மருமகள் பக்கத்தில் நின்று படிப்பாள். ஆன்டிவைரஸை நிறுத்திய நேரமும் இருக்கும். அந்த நேரத்தில் மூச்சு ஒரு கிழவியின் இடுப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் இருக்கும்.

கடிதத்தை அழித்துவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

“கீழ கொஞ்சம் வேலை இருக்கு. பல்பு போட்டுக்கறேன். யாரும் வர வேண்டாம்” என்றார்.

“லீவு நாள்லயும் பல்பா? சரி, டீ வேணும்னா ஸ்பீக்கர்ல சொல்லுங்க” என்றாள் அவள்.

இருட்டறைக் கதவை உள்ளிருந்து சாத்தினார். சிவப்பு பல்பின் விசையைத் தானே போட்டார். கதவில் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. விசைக்கு மேல், வெளியே பல்பு எரிகிறது என்று காட்டும் சின்னச் சிவப்புப் புள்ளி உள்ளேயும் எரிந்தது.

அப்போதுதான் விசிறிச் சத்தம் காதில் விழுந்தது.

கணினி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று மருமகள் அணைத்ததை அவர் பார்த்திருந்தார். இணைய வயர் சுருட்டியபடியே மேஜை மேல் கிடந்தது. அணைக்க மறந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லை அவரே நம்பவில்லை. மருந்து நெடி தொண்டைவரை ஏறியிருந்தது. திரை வெளிச்சத்தில் கறுப்புச் சுவர்கள் ஈரமாக இருப்பது போல மின்னின. பெட்டி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பூட்டிய எக்ஸ்ரே அறையில், கூரையிலிருந்து எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

கடிதம் இருந்த இடத்தைத் தேடி எடுத்தார். அழித்தார். போனது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்வதற்குள் அது அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தார். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அழித்தபோது கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ரிப்போர்ட் திறந்தது.

அவர் ரிப்போர்ட். அவர் எழுதுகிற வரிசை, அவர் போடுகிற இடைவெளி, கடைசியில் அவர் கையெழுத்து.

மார்பு. உட்கார்ந்த நிலை. நுரையீரல் தெளிவு. விலா எலும்புகள் சரி. இடது காறை எலும்பில் மிகப் பழைய முறிவு, கோணலாகக் கூடியுள்ளது. மரத்திலிருந்து விழுந்ததால் அல்ல.

கடைசி வரியைப் படித்தார். மறுபடி படித்தார். கை தானாகவே போய் இடது தோளைப் பிடித்துக்கொண்டது. அந்த மேட்டைச் சட்டைக்கு மேலாகவே விரல் தொட்டது. அது தெரிந்த ஆட்கள் உலகத்திலேயே மூன்று பேர். இரண்டு பேரை எரித்தாகிவிட்டது.

ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் படம் இருந்தது. இப்போது மங்கல் இல்லை. யாரோ நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்கள். இடது காறை எலும்பு கோணல். பெயர்க் கட்டம் காலி.

எழுந்தார். போதும். வெளியே போகலாம். மருமகளிடம் சொல்லிவிடலாம். விசையைக் கீழே தள்ளினார்.

சிவப்புப் புள்ளி அணையவில்லை.

மேலே தள்ளினார். கீழே. மேலே. விசை லொடலொடவென்று ஆடியது. புள்ளி எரிந்தது. கதவுப் பிடியைத் திருப்பினார். பூட்டு அசையவில்லை. கணினியைக் கொன்றால்தான் பூட்டு விடும் என்று தோன்றியது. மேஜைக்கு அடியில் குனிந்து அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பத்து எண்ணினார். இருபது. விசிறி அவர் முகத்தின் மேல் வெதுவெதுப்பாக மூச்சு விட்டது. மின் வயரைப் பற்றி இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

விசிறி நிற்கவில்லை.

வயரைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். திரையில் அந்தப் பட்டியல் வந்திருந்தது. நடுவே இருந்த காலி வரி காலியாக இல்லை. எழுத்து எழுத்தாக நிரம்பியிருந்தது. வாசல் பலகையில் இருக்கிற மூன்றாவது பெயர், முன்னெழுத்தோடு, பட்டத்தோடு. அவர் பெயர்.

பெயர் அதற்குப் போய்விட்டது.

வெளியே காலடிச் சத்தம். மனைவி. கம்பளித் துணியைத் தாண்டி அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. “என்னங்க... டீ வைக்கட்டுமா?”

கதவில் இரண்டு கையாலும் அடித்தார். “கதவத் திற! வெளிய விசைப் பெட்டி இருக்கு, அத இறக்கு! நான்தான் திறந்தேன்! கடிதத்த நான்தான் திறந்தேன், மூச்சு இல்ல! அவன் ஒண்ணும் பண்ணல! கேக்குதா? நான்தான்!”

சொல்லிவிட்டார். எழுபது வருடத்தில் முதல் முறை.

கதவுக்கு வெளியே, ஸ்பீக்கரில், அவர் குரல் நிதானமாகப் பேசியது.

“ஒண்ணுமில்ல. வேலையா இருக்கேன். பல்பு எரியுதில்ல?”

“எரியுது, எரியுது. நான் கதவுல கைய வைக்கல” என்றாள் அவள். “உள்ள என்னவோ தட்டுற மாதிரி இருந்துது.”

“மெஷின் சத்தம். நீ போ.”

“சரிங்க.”

“போகாத!” என்று கத்தினார். “அது நான் இல்ல! போகாதடி!”

காலடிகள் போயின. படி ஏறின. நாற்பத்தைந்து வருடமாக அவள் அந்தச் சட்டத்தை ஒரு முறைகூட மீறியதில்லை. அதைப் பற்றி அவர் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஸ்பீக்கர் அணையவில்லை. யாருமில்லாத நிலையத்துக்குள் அவர் குரல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

“நான் எதையும் திறக்கல.”

திரையின் மூலையில் அந்த வரி விழுந்தது. அதன் கீழே மறுபடி. மறுபடி.

முதுகுக்குப் பின்னால் தகரம் உராயும் சத்தம்.

திரும்பினார். பெட்டி ஜன்னலின் ஈயக் கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கக் கதவும் திறந்திருந்தது. அதற்கு அப்பால் இருட்டு. இருட்டுக்குள் மெஷினின் தலை, கூரைக் கம்பியில் நகர்ந்து வந்து, இந்தப் பக்கம் பார்த்து நின்றது.

மஞ்சள் வெளிச்சம்.

சதுரமாக, ஜன்னல் வழியாக வந்து அவர் சட்டை மேல் விழுந்தது. நடுவில் கூட்டல் குறி. இடப்பக்கம் ஒதுங்கினார். அதுவும் ஒதுங்கியது. மேஜைக்கு அடியில் குனிந்தார். அதுவும் இறங்கி வந்தது. அவசரமே இல்லை. பத்தொன்பது வருடம் மூச்சு பொருத்துவது போலவே, கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது. காறை எலும்பில் வந்து நின்றது.

இந்தச் சுவருக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர். உள்ளே சக்கரம் சுழன்று எழும் ஓசை. முதலில் முனகல். பிறகு கூர்மை. பிறகு ஒரு சொடுக்கு. அவ்வளவுதான் கணக்கு.

முனகல் தொடங்கியது.

“மூச்ச இழுங்க” என்றது அவர் குரல். இப்போது ஸ்பீக்கரில் இல்லை. அறைக்குள்.

இழுத்தார். இழுக்க நினைக்கவில்லை. நெஞ்சு தானாக விரிந்தது.

“அப்படியே பிடிச்சுக்குங்க.”

பிடித்தார்.

“அசையாதீங்க.”

சொடுக்கு.

காத்திருந்தார். இனி ஒரு சொல்தான் பாக்கி. எல்லோருக்கும் சொல்கிற ‘விடுங்க’. அது வரவில்லை. காது இரைந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. வாயைத் திறக்கப் பார்த்தார். நெஞ்சு கேட்கவில்லை.

திரையில் ஒரு புதுப் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. தாடை. கழுத்து. கோணல் எலும்பு. காற்று நிறைந்து, விளிம்புவரை விரிந்து நிற்கும் இரண்டு நுரையீரல்கள். பெயர்க் கட்டம் காலி.

சுவருக்கு அப்பால் மெஷின் மறுபடி முனகத் தொடங்கியது.